பாலாற்றின் தீர்ப்பும் மாநக்கவாரத்தின் வழக்கும்



கணியம்பாடியில் அண்மையில் கூடிய கிளைக் கூட்டத்தில் நான்கு தீர்மானங்கள் முன்வைக்கப்பட்டன. கூலி நிலுவை பற்றி ஒன்று. குடிநீர் பற்றி ஒன்று. பேருந்து பற்றி ஒன்று. மூன்றும் கையொலியோடு நிறைவேறின. நான்காவது தீர்மானம், பெரிய நிக்கோபார் தீவின் காட்டையும் கடற்கரையையும் அங்கு வாழும் உயிர்களையும் காத்திட வேண்டும் என்பது. அது படிக்கப்பட்டதும் மன்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முப்பதாண்டுக் காலம் தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியருகே நின்று உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர் எழுந்தார். "தம்பி, நிக்கோபார் எங்கே, நம்ம கணியம்பாடி எங்கே? கடலையே பார்க்காத ஊரு, தீவுக்காகத் தீர்மானம் போடணுமா?" என்றார்.

ஏளனத்திற்காகக் கேட்டவரல்லர் அவர். நெஞ்சில் பட்டதை நேராகக் கேட்டார். நம் இயக்கத்தில் கேள்விக்கு என்றுமே தடையில்லை. கேள்வியால் வளர்ந்த இயக்கம் இது. ஆகவே அந்தப் பெரியவருக்கு மன்றத்தில் சொன்ன விடையை, சற்று விரிவாக, உங்கள் அனைவர்க்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை எழுதுகின்றேன்.

விடையின் சாரம் இதுதான்: இந்திய நாட்டில் அந்தத் தீவுக்காகப் பேச எவருக்கேனும் முதல் உரிமை உண்டெனில், அது பாலாற்றங்கரையில் பிறந்தவர்க்கே உண்டு. தீவைக் காக்கும் சட்டக் கேடயம் வார்க்கப்பட்ட உலைக்களம் நம் வேலூர்!

வியக்கின்றீர்களா? விளக்குகிறேன்.

பாலாறு பட்ட பாடு

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், இராணிப்பேட்டை என்று ஊர்ப்பெயரை அடுக்கினால் வெளிநாட்டு வணிகனுக்குத் தோலும் காலணியும் நினைவுக்கு வரும். நமக்கோ அந்தத் தோலைத் தோளில் சுமந்தவரின் முகம் நினைவுக்கு வரும். ஒடுக்கப்பட்ட மக்களும் இசுலாமியப் பெருமக்களும் வியர்வை சிந்தி வளர்த்த தொழில் அது. இலட்சக்கணக்கான அடுப்புகள் அதனால் எரிகின்றன. அத்தொழிலைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும், அடுப்பெரிந்த அதே ஊரில் கிணறு கெட்டது என்ற உண்மையை மறைப்பதும் நம் வழக்கமன்று.

ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் வேண்டும். அந்த நீர் உள்ளே போகும்போது தண்ணீர். வெளியே வரும்போது உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கலந்த கழிவு. அது வாய்க்காலுக்குப் போயிற்று. வாய்க்காலிலிருந்து ஆற்றுக்குப் போயிற்று. ஆற்று மணலிலிருந்து ஊற்றுக்கும் கிணற்றுக்கும் போயிற்று. நெல் விளைந்த நிலம் வெளுத்தது. தென்னை குருத்திலேயே வாடியது. பாலாறு என்ற பெயர் மட்டும் வெண்மையாக எஞ்சியது!

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட தோல் பதனிடும் ஆலைகள் இயங்கிய காலம் அது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிர் செய்யத் தகுதியற்றுப் போனது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாயிற்று. மாசு செய்தவனே இழப்பைத் தரவேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. இழப்பைக் கணக்கிடத் தனி ஆணையம் அமைக்கப்பட்டது.

நல்ல தீர்ப்பு, ஆனால் தீர்ப்பு வந்ததும் ஆறு திரும்பிவிட்டதா? 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேரைக் கழிவுச் சேறு விழுங்கியது. பிழைப்புக்காக வங்கத்திலிருந்து வந்த ஏழைகள் அவருட் பெரும்பாலோர். 2025 சனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம், இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்திற்குள் வழங்குங்கள் என்று மீண்டும் ஆணையிட வேண்டி வந்தது. வழக்குத் தொடுத்த ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு அன்று முப்பத்து நான்கு வயது! அவன் தந்தை உழுத நிலத்திற்கு இழப்பீடு இன்னும் தாளில்தான் இருந்தது.

இதில் எவரை நோவது? ஆலை முதலாளியை மட்டுமா? கோட்டையில் அமர்ந்த ஆட்சிகள் எதுவும் இதில் கறையற்ற கையைக் காட்ட இயலாது. வேலை போய்விடுமோ என்று அஞ்சி நாமும் நெடுநாள் வாய்மூடி இருந்தோம். அந்த மௌனத்தின் விலையை நம் கிணறுகள் கொடுத்தன. மனம் திறந்து ஒப்புக்கொள்ளவேண்டிய பிழை இது. ஒப்புக்கொண்டவனுக்கே அடுத்தவனை எச்சரிக்கும் தகுதி பிறக்கும்.

வேலூர் தந்த நெறி

அந்த 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இழப்பீட்டைவிடப் பெரியதொரு செல்வம் இருக்கின்றது. 'முன்னெச்சரிக்கை நெறி' என்பது அதன் பெயர். இந்த நாட்டின் சட்டத்தில் அந்நெறியும் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் உறுதிபட உரைத்தது நம் வேலூர் வழக்கில்தான். இன்று சட்டக் கல்லூரி மாணவர்கள் வடக்கே கங்கைக் கரையிலும் 'வேலூர் வழக்கு' என்றே அதனைப் படிக்கின்றனர்.

அந்நெறி சொல்வது மூன்று. ஒன்று, கேடு வந்தபின் அழுவதற்குப் பதில், வருமுன் கணித்துத் தடுப்பது அரசின் கடன். இரண்டு, மீட்க முடியாத பேரழிவு நேரும் என்ற அச்சம் இருக்குமிடத்தில், 'அறிவியல் இன்னும் முற்றாக உறுதி செய்யவில்லையே' என்று சாக்குச் சொல்லித் தடுப்பு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று, மெய்ப்பிக்கும் பொறுப்பு எவன் தலையில்? 'என் தொழிலால் கேடில்லை' என்று சொல்பவன் தலையில்! கிணறு கெடும் என்று உழவன் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கெடாது என்று ஆலைக்காரன் மெய்ப்பித்தாக வேண்டும்.

இந்த மூன்றையும் நெஞ்சில் இருத்திக்கொண்டு, தோழர்களே, என்னோடு கடல் தாண்டி வாருங்கள்.

தீவின் தனி இயல்பு

தீவு என்பது என்ன? நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் என்று பள்ளியில் படித்தோம். உயிரினங்களின் கணக்கில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு: தப்பியோட வழியற்ற நிலம். ஜவ்வாது மலையில் காடு எரிந்தால் மான் அடுத்த மலைக்கு ஓடும். தீவில் காடு போனால் அங்குள்ள விலங்கு எங்கே ஓடும்? கடலில்தான் விழவேண்டும்.

பல்லாயிரம் ஆண்டுகள் தனித்திருந்ததால் அங்கே வளர்ந்த உயிர்கள் வேறெங்கும் இல்லாதவை. பகை அறியாமல் வளர்ந்ததால் அஞ்சவும் அறியாதவை. மொரீசியசுத் தீவில் டோடோ என்றொரு பறவை இருந்தது. பறக்கத் தெரியாது, மனிதனைக் கண்டால் ஒதுங்கவும் தெரியாது. டச்சுக்காரர் 1598இல் அங்குக் கரையிறங்கினர். மனிதனின் தடியும், அவன் கொண்டுவந்த பன்றியும் குரங்கும் எலியும் சேர்ந்து, நூறாண்டு நிறையுமுன் அந்த இனத்தையே பூண்டற்றுப் போகச் செய்தன. பிற்காலத்தில் அதே தீவுக்குக் கரும்பு வெட்டப் போன நம் தமிழர் டோடோவைப் படத்தில்தான் கண்டனர்.

குவாம் தீவின் கதை இன்னும் அண்மையது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் இராணுவச் சரக்கோடு சரக்காக ஒரு பழுப்புநிறப் பாம்பு அங்கு வந்து சேர்ந்தது. குண்டு வீசவில்லை; கொடி நாட்டவில்லை. ஆனால் அத்தீவுக்கே உரிய காட்டுப் பறவை இனங்கள் பன்னிரண்டில் பத்தை அது அங்கிருந்து துடைத்தெறிந்துவிட்டது. கப்பல் அங்கே கேட்டைச் சுமந்து வந்தது என்பதை நினைவில் வையுங்கள். கப்பலைப் பற்றிப் பின்னர் பேசவேண்டியிருக்கிறது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் வீட்டு வாசலையே பார்ப்போம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அப்பகுதி அறிவிக்கப்பட்டது. இன்று எண்ணிப் பாருங்கள், இரண்டு குறையும். விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் மூழ்கிவிட்டன. காரணம்? அலையைத் தடுத்து நின்ற பவளப் பாறைகளைப் பல்லாண்டு வெட்டி எடுத்துச் சுண்ணாம்பாக்கினோம். மதிலை இடித்து விற்றால் வீடு நிற்குமா? பாறை போனது, மணல் கரைந்தது, தீவு மறைந்தது. சுண்ணாம்புக் குழியில் கால் வெந்த நம் முதிய தோழருக்கு இந்தக் கதை புரியாமற் போகாது.

தமிழ்நாடு அந்தத் தவற்றிலிருந்து சிறிது கற்றுக்கொண்டது என்பதையும் சொல்லவேண்டும். 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு, கடற்பசுவைக் காக்கும் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே அவ்வகையில் அது முதலாவது. ஒரு மாநில அரசு கடற்பசுவுக்கு இடம் ஒதுக்கிய அதே ஆண்டில், தில்லி அரசு கடலாமையின் இடத்தைப் பறிக்கும் ஆணையில் கையெழுத்திட்டது. அந்தக் கையெழுத்தின் கதையே இனி.

மாநக்கவாரம்

இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கடாரப் படையெடுப்பில் வென்ற இடங்களை அடுக்கும்போது 'மாநக்கவாரம்' என்றொரு பெயரைச் சொல்கிறது. அது இன்றைய நிக்கோபார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழன் கலத்துக்கு வழித்துணையாய் நின்ற தீவுக்கூட்டம்! 'எங்கேயோ இருக்கும் தீவு' என்று இனி எவரும் சொல்லவேண்டா.

அக்கூட்டத்தின் தென்கோடியில் இருப்பது பெரிய நிக்கோபார். பரப்பு ஏறத்தாழ 910 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி வானுயர் மழைக்காடு. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டு, 2013இல் யுனெசுகோவின் பட்டியலிலும் இடம்பெற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர்: கரையோரத்து நிக்கோபாரியர், காட்டின் உட்பகுதியில் வாழும் சோம்பென் மக்கள், 1969 முதல் குடியேற்றப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்கள். சோம்பென் மக்களின் எண்ணிக்கை அக்கணக்கில் 229. நம் ஊரில் ஒரு தெருவின் மக்கள்தொகை. அங்கு ஓர் இனத்தின் மக்கள்தொகை!

அத்தீவின் தெற்கே கலத்தியா விரிகுடா. பேராமை என்றும் ஏழுவரி ஆமை என்றும் நம் மீனவர் சொல்லும் கடலாமை முட்டையிட வரும் இடம் அது. உலகின் ஆமைகளிலெல்லாம் பெரியது. ஐந்நூறு கிலோவுக்கும் மேல் எடையிருக்கும். ஏனைய ஆமைக்கு ஓடு. இதற்கு முதுகு போர்த்தியது தோல்! தோல் தொழில் செய்யும் மாவட்டத்தான் இந்த ஆமையைத் தன் உறவென்று கொண்டாடினால் தவறில்லை. சின்ன அந்தமானில் முட்டையிட்ட பேராமைகளின் முதுகில் நம் அறிஞர்கள் கருவி பொருத்திப் பார்த்தனர். சில ஆஸ்திரேலியாவின் பக்கம் போயின. ஒன்று மொசாம்பிக் வரை நீந்திப் போயிற்று. உலகக் கடலையே வீடாகக் கொண்ட அந்த உயிர், பிள்ளை பெறுவதற்கு மட்டும் தாய்வீடு தேடி இந்த மணலுக்கு வருகிறது.

அதே கரையில் மேடுகட்டிப் பறவை என்று சொல்லத்தக்க ஒன்று வாழ்கிறது. நிக்கோபாரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அது முட்டையின்மேல் அமர்ந்து அடைகாப்பதில்லை. மணலையும் மட்கும் இலையையும் குவித்து மேடு கட்டி, அதனுள் முட்டையைப் புதைத்துவிடும். மட்கும் சூடே முட்டையைப் பொரிக்கும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்த மேடுகளில் பெரும்பாலானவற்றை அடித்துச் சென்றது. எஞ்சியவை மெல்ல மெல்லப் பெருகிவரும் வேளை இது.

'முழுமையான வளர்ச்சி'

அந்த வேளையில் தில்லியிலிருந்து திட்டம் வந்தது. 'பெரிய நிக்கோபாரின் முழுமையான வளர்ச்சி' என்று அதற்குப் பெயர். கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், பக்கத்தில் வானூர்தி நிலையம், மின் நிலையம், புதிய நகரம். தொடக்கத்தில் சொல்லப்பட்ட செலவு 72,000 கோடி ரூபாய். திட்டப் பரப்பு 166 சதுர கிலோமீட்டர். அதில் காட்டு நிலம் 130 சதுர கிலோமீட்டருக்கும் மேல். எண்ணாயிரம் பேர் வாழும் தீவில் மூன்றரை இலட்சம் பேரைக் குடியேற்றும் கனவு அது. வெட்டப்படக்கூடிய மரங்கள் 9,64,000 என்று 2023இல் நாடாளுமன்றத்திலேயே எண் சொன்னார்கள்.

வந்த வழியைப் பாருங்கள். பேராமைக்காகவே கலத்தியா விரிகுடாவை 1997இல் காப்பிடம் என்றார்கள். 2021 சனவரியில் காப்பிடம் அன்று என்றார்கள். ஆமை இடம் மாறவில்லை, ஆணைதான் மாறியது! கடலாமைகளைக் காப்பதற்கென்று ஒன்றிய அரசே வெளியிட்ட செயல்திட்டம் அதே 2021இல், அதே விரிகுடாவை இன்றியமையாத இடம் என்று குறித்தது. வலக்கை எழுதியதை இடக்கை அழித்தது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது.

அழியும் காட்டுக்கு ஈடாக மரம் நடுவார்களாம். எங்கே? ஹரியானாவில்! மழைக்காட்டை வெட்டிவிட்டு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வறண்ட நிலத்தில் கன்று நட்டுக் கணக்கை நேர்செய்வார்களாம். நிக்கோபாரின் பறவை ஹரியானாவுக்கு எந்தத் தொடர்வண்டியில் போகும்? பாலாற்று நிலத்தைக் கெடுத்துவிட்டுக் காசோலை நீட்டியவர்களின் கணக்கும் இதுவே. நெல்லுக்கு ஈடாகத் தாள். காட்டுக்கு ஈடாகக் கன்று.

துறைமுகப் பரப்பில் உள்ள பவளங்களைப் பெயர்த்து வேறிடத்தில் ஒட்டுவோம் என்கிறார்கள். ஆமைக்குச் சின்ன நிக்கோபாரில் புதிய காப்பிடம் தந்தோம் என்கிறார்கள். அக்காப்பிடங்கள் அமையும் மண்ணும் நிக்கோபாரியரின் மூதாதையர் மண். அவர்களைக் கேட்டுத்தான் அறிவித்தீர்களா என்று அம்மக்கள் கேட்கின்றனர். வேலூர்த் தீர்ப்பை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பாருங்கள். ஆமை வராமற் போகும் என்று மெய்ப்பிக்க வேண்டியவர்கள் நாமல்லர். கப்பலும் விளக்கொளியும் தூர்வாரும் பொறியும் சூழ்ந்த கரைக்கு அது முன்போலவே வரும் என்று மெய்ப்பிக்க வேண்டியவர்கள் அவர்கள். மெய்ப்பித்தார்களா? பசுமைத் தீர்ப்பாயம் 2023 ஏப்ரலில் அனுமதியை மறுஆய்வு செய்ய ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. மெய் இருந்தால் மறைப்பானேன்?

மாற்றார் வாதங்கள்

'நாட்டின் பாதுகாப்பு' என்பார்கள். தோழர்களே, நாம் எழுதுவது எந்த மண்ணிலிருந்து? கணியம்பாடி வட்டாரத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு ஒருவரையேனும் படைக்கு அனுப்பி, இராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற ஊர். எல்லையில் நிற்பவனைப் பெற்ற தாய்மாருக்குத் தேசப்பற்றைப் பற்றி எவரும் வகுப்பெடுக்க வேண்டா. பெரிய நிக்கோபாரில் கடற்படை வானூர்தித் தளம் 2012 முதலே இருக்கிறது. அதை வலுப்படுத்துவதை எவர் தடுத்தார்? காவலுக்கு வேண்டியது கண்விழிக்கும் வீரன். மூன்றரை இலட்சம் பேர் வாழும் நகரமும் உல்லாச விடுதியும் எந்தப் பகைவனை விரட்டும்?

'வணிகம்' என்பார்கள். நம் சரக்கு கொழும்பு வழியும் சிங்கப்பூர் வழியும் போவதால் இழப்பு என்பது உண்மையே. அதற்கென்றே கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. தூத்துக்குடி நெடுங்காலமாகக் கை நீட்டிக் காத்திருக்கிறது. மக்கள் வாழும் கரையிலே துறைமுகத்தைப் பெருக்க வழியிருக்க, பேராமை வாழும் கரையைத் தேடிப் போவானேன்? போதாக்குறைக்கு அந்தத் தீவு நிலநடுக்க மண்டலத்தின் உச்சியில் நிற்கிறது. 2004இல் அதன் தென்முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அங்கிருந்த கலங்கரை விளக்கின் அடி கடலுக்குள் போயிற்று. உழைக்கும் மக்களின் வரிப்பணத்தைத் தாழும் நிலத்திலா கொட்டுவது?

'ஆமை பெரிதா, ஏழைக்கு வேலை பெரிதா?' என்று கடைசியாகக் கேட்பார்கள். இந்தக் கேள்வியை நாம் ஐம்பதாண்டாகக் கேட்டிருக்கிறோம். 'கிணறு பெரிதா, கூலி பெரிதா?' என்று ஆம்பூரில் கேட்டது இதே குரல்தான். கிணறும் போயிற்று; கூலியும் உயரவில்லை. இலாபம் மட்டும் எங்கோ போய்ச் சேர்ந்தது. இயற்கையையும் ஏழையையும் எதிரெதிரே நிறுத்தி மோதவிடும் வித்தையை நாம் கண்டுகொண்டோம். நிக்கோபாரில் முதலில் இடம்பெயர்பவரும் ஏழையே. ஆழிப்பேரலையால் ஊரிழந்து முகாமில் தங்கி, மூதாதையர் ஊருக்குத் திரும்ப விடுங்கள் என்று கேட்டுவரும் நிக்கோபாரியரே. 2022 ஆகஸ்டில் தந்த ஒப்புதலை அவர்களின் பழங்குடி மன்றம் அவ்வாண்டு நவம்பரிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. உண்மை முழுதும் எங்களுக்குச் சொல்லப்படவில்லை என்றார்கள்.

சோம்பென் மக்களின் நிலையோ சொல்லில் அடங்காது. வெளியுலக நோய்களை அவர்கள் உடல் அறியாது. 1858இல் வெள்ளையன் அந்தமானில் கைதிகள் குடியிருப்பை நிறுவியபோது பெரிய அந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். தட்டம்மை முதலாய நோய்கள் புகுந்தன. 2011 கணக்கெடுப்பில் அவ்வினத்தில் எஞ்சியோர் 44 பேர். அது வெள்ளையன் ஆட்சி. அறியாமல் செய்தான் என்றுகூடச் சிலர் சொல்லலாம். அறிந்தே செய்பவர்களை வரலாறு என்னவென்று எழுதும்?

அவர்க்கு வாய் யார்?

அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதிக்குச் சட்டமன்றம் இல்லை. முதலமைச்சர் இல்லை. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். தீவின் காட்டையும் கடலையும் பற்றிய முடிவுகள் யாவும் தில்லியின் கோப்புகளில் பிறந்து தில்லியின் முத்திரையோடு வந்திறங்குகின்றன. மாநில உரிமை என்று முழங்குகின்ற நமக்கு இதன் பொருள் விளங்காதா? அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தால், தொலைவில் இருப்பவன் முதலில் நசுங்குவான். நமக்குச் சட்டமன்றம் இருக்கிறது; மேடை இருக்கிறது; ஏடு இருக்கிறது; அப்படியிருந்தும் பாலாற்றுக்கு முப்பத்து நான்கு ஆண்டுகளாயின. எதுவுமே இல்லாத தீவுக்கு என்னவாகும்?

ஆகவே, தோழர்களே, வாயற்ற உயிர்க்கும் வாய்ப்பற்ற மக்களுக்கும் நாம் வாயாவோம். ஒவ்வொரு கிளையிலும் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் குடியரசுத் தலைவருக்கும் அனுப்புங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைக் கண்டு, மறைத்த அறிக்கையை வெளியிடச் சொல்லி அவையிலே கேளுங்கள் என்று வலியுறுத்துங்கள். படிப்பகத்தில் வேலூர்த் தீர்ப்பின் மூன்று நெறிகளையும் எழுதி மாட்டுங்கள். நம் ஊர்ப் பெயரால் நாடு போற்றும் நெறியை நம் இளைஞர் அறியாதிருப்பது இழுக்கு.

அதோடு நில்லாதீர்கள். தீவுக்காகப் பேசும் நாக்கு பாலாற்றுக்காகவும் பேசவேண்டும். ஆலைக்கழிவு ஆற்றில் இறங்கும் இடம் தெரிந்தால், அது எவருடைய ஆலையானாலும், நம் கட்சிக்காரருடையதே ஆனாலும், சுட்டிக்காட்டுங்கள். கணியம்பாடி வழியே ஓடும் நாகநதி ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்தபோது, நூறு நாள் வேலைக்குப் போன நம் பெண்மக்கள் மண் சுமந்து செறிவூட்டுக் கிணறுகள் அமைத்தார்களே, ஊற்றுக்கண் திறந்ததே, மறந்துவிட்டோமா? வறண்ட ஆற்றுக்கு நீரை அழைக்க நம் கைகளால் முடிந்தது. நஞ்சேறிய ஆற்றைத் தூய்மை செய்வது அதனினும் அரிது. மறைந்த தீவை மீட்பதோ, அழிந்த இனத்தை எழுப்புவதோ எவர் கையாலும் இயலாது. இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவனே அரசியல் அறிந்தவன்.

அன்றையக் கூட்டத்தில் இவ்வளவையும் கேட்டபின் அந்த முதியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க கிணத்துக்கு அன்னிக்கு எவனாவது தூரத்து ஊர்க்காரன் பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும் தம்பி" என்று சொல்லித் தீர்மானத்தை வழிமொழிந்தார்.

அவர் கிணற்றுக்கு அன்று பேசாதவர்கள் நாம். இன்று மாநக்கவாரத்தின் வழக்கிலேனும் காலத்தே பேசுவோம்.